ஒரு கூட்டல் குறியும் இரண்டு கமாவும்

எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அது கேட்கிற முதல் கேள்வி, இன்று என்ன தேதி என்பதுதான். அதற்குள் கடிகாரம் கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு 1980 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் சரியான தேதியை அடித்தால் ஏற்றுக்கொள்ளும். அடிக்காமல் எண்டர் கீயைத் தட்டிவிட்டால், அணைக்கும்வரை அதற்கு 1980 ஜனவரி ஒன்றுதான். நாம் சேமிக்கிற ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் அந்தத் தேதியையே எழுதி வைக்கும்.

இந்த ஒரு சங்கதியை வைத்துத்தான் ஒருவனை அதன் முன்னால் இருந்த நாற்காலியிலிருந்து இறக்கினேன். அதற்காக வருத்தப்பட முயன்று பார்த்திருக்கிறேன். வரவில்லை.

மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தில் நான் டைப்பிஸ்ட். பழைய பதினொன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர். கீழக்குயில்குடியிலிருந்து பஸ் பிடித்துக் காளவாசலில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் மாறி வருவேன். கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு நாற்பது வயது. யாராவது என்னை நேராகப் பார்த்துப் பேசினால் தரையைப் பார்க்கிற பழக்கம் அந்த வயதிலும் போகவில்லை.

முதலாளி சௌராஷ்டிரக்காரர். நல்லவர், ஆனால் நேரம் காலம் பார்க்கிறவர். ராகு காலத்தில் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். கம்ப்யூட்டரைக் கவனிக்கத் தன் தங்கை மகனை மெட்ராசிலிருந்து வரவழைத்தார். பி.காம். படித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்சும் முடித்தவன். இருபத்தாறு வயது. முதல் நாளே என்னிடம், "அக்கான்னு நான் கூப்புடுவேன், நீங்க சாருன்னு கூப்புடணும், சரியா?" என்றான். சரி என்றேன். நேரில் கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கே எழுதும்போது 'அவன்' என்று எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது.

கம்ப்யூட்டரோடு, அதை இயக்கும் டாஸ் கட்டளைகளைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்று வந்தது. திரை உயரம் போதவில்லை என்று அவன் அதைத் திரைக்கு அடியில் வைத்திருந்தான். மதியம் அவன் சாப்பிடப் போனதும் நான் அதை உருவி எடுப்பேன். ஒரு கையில் தயிர்சாதம், மறு பக்கம் அகராதி. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போகும். புரியாததைப் புரியும்வரை அடித்துப் பார்ப்பேன். இயந்திரத்தின் முன்னால் எனக்குக் கூச்சம் இல்லை. தப்பாக அடித்தால் தப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருக்கும். சிரிக்காது.

அப்படித்தான் சின்னச் சின்ன வித்தைகள் பிடிபட்டன. எஃப் மூன்றைத் தட்டினால் கடைசியாக அடித்த வரி முழுவதும் திரும்ப வரும். ஃபைல்களின் பெயரும் தேதியும் இருக்கிற அட்டவணையைக் கேட்டுவிட்டு, பின்னால் ஓர் அம்புக்குறி போட்டு பிரிண்டரின் பெயரை அடித்தால், திரைக்கு வர வேண்டியது காகிதத்தில் வரும். ஒரு ஃபைலை அழிக்காமலேயே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கலாம். தினமும் அடிக்கிற ஏழெட்டுக் கட்டளைகளை ஒரே பெயருக்குள் கட்டிப் போட்டு, அந்தப் பெயரை மட்டும் அடித்தால் போதும்.

இவற்றை அவனிடம் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் "அப்டியா?" என்றான். மறுநாள் திருநெல்வேலியிலிருந்து வந்த கடைக்காரர்களுக்கு முன்னால் எஃப் மூன்றைத் தட்டிக் காட்டி, "இது எந்த கோர்ஸ்லயும் சொல்லித்தர மாட்டாங்க. நானாக் கண்டுபுடிச்சது" என்றான். முதலாளி மீசைக்குள் சிரித்தார். "எங்க வீட்டுப் புள்ளை" என்றார். நான் காபி டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். இப்படி நான்கு முறை நடந்தது. ஐந்தாவது வித்தையிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

எங்கள் தொழிலுக்கு உயிர் முகவரிப் பட்டியல்தான். தெற்கே நாகர்கோவில் வரை ஆயிரத்து நானூறு கடைகள். ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதம் தீபாவளிக் கடிதம் போகும். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். பட்டியலை நான்தான் அடித்தேன், நான்தான் திருத்தி வந்தேன். பதினோரு மாதமாக, எந்தக் கடை இடம் மாறியது, எந்தக் கூட்டுக்கடை அண்ணன் தம்பியாகப் பிரிந்தது, யார் இறந்து மகன் பொறுப்பெடுத்தான் என்று வந்த ஒவ்வொரு தபாலையும் பார்த்து அன்றன்றே திருத்தினேன். அதன் நகலை ஒரு பிளாப்பியில் போட்டு, என் கையெழுத்தில் லேபிள் ஒட்டி, டப்பாவில் வைத்திருந்தேன். போன வருடத்துப் பழைய பட்டியல் இன்னொரு பிளாப்பியில் இருந்தது.

ஆவணியில் ஒரு நாள் மதியம் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தபோது நான் தபாலாபீசில் இருந்தேன். கம்ப்யூட்டரை அவன்தான் போட்டான். எதற்காகவோ பழைய பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறான். வெளியே வரும்போது சேமிக்கவா, எந்தப் பெயரில் என்று கேட்டு, புதிய பட்டியலின் பெயரை அதுவே போட்டுக் காட்டும். எல்லாக் கேள்விக்கும் எண்டரைத் தட்டுகிறவன், அதற்கும் தட்டியிருக்கிறான். பழையது புதியதன் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. பதினோரு மாதம் போய்விட்டது.

எனக்கு அது தெரியாது. மறுநாள் கடிதங்களை அச்சடித்தது அவன். ஆயிரத்து நானூறு உறை, நான் ஒட்டினேன். ஒட்டுகிற அவசரத்தில் முகவரிகளை நான் படிக்கவில்லை. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

பத்தாம் நாள் கடிதங்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. ஆள் இல்லை, இடம் மாறிவிட்டார், காலமானார். கோவில்பட்டியிலிருந்து ஒரு மகன் எழுதியிருந்தார்: என் தந்தை தையில் இறந்ததற்குத் துக்கக் கடிதம் போட்டவர்களே நீங்கள்தான், இப்போது அவரையே தீபாவளிக்குச் சரக்கெடுக்கக் கூப்பிடுகிறீர்கள், இனி உங்களோடு வியாபாரம் இல்லை. முதலாளி அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

அவனும் அங்கேதான் இருந்தான். இருவரும் முதலில் அவர்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழ வேண்டும் என்று நினைத்ததை மட்டும் அவன் தமிழில் சொன்னான்.

"படிக்காதவங்ககிட்ட மிஷினக் குடுத்தா இப்டித்தான் மாமா. பதினோரு மாசமா திருத்துறேன் திருத்துறேன்னு சொல்லிட்டு ஒண்ணுமே திருத்தல. உள்ள பாருங்க, அம்புட்டும் பழசு."

"ஏம்மா, நெசமா?" என்றார் முதலாளி.

நகல் இருக்கிறது முதலாளி என்று மட்டும் சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து என் பிளாப்பியை எடுக்கப் போனேன். என் லேபிளின் மேல் இன்னொரு லேபிள் ஒட்டியிருந்தது. போட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு விளையாட்டு இருந்தது. வாயை வாயைத் திறந்து புள்ளிகளைத் தின்கிற ஓர் உருண்டை. அவனுக்கு ஏதோ ஒரு நாள் காலி பிளாப்பி கிடைக்கவில்லை. என்னுடையதை அழித்து அதில் போட்டிருந்தான்.

அப்போதுதான் பட்டியலின் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். 1980 ஜனவரி ஒன்று. நான் சேமித்த எல்லாவற்றிலும் அந்தந்த நாளின் தேதி இருக்கும். ஒரு நாளும் நான் தேதி கொடுக்காமல் உள்ளே போனதில்லை. அவனுடையதெல்லாம் 1980. கடைசியாகப் பட்டியலைத் தொட்டவன் யார் என்று இயந்திரம் எழுதி வைத்திருந்தது. அந்த அட்டவணையைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"முதலாளி, பாருங்க, இதுல எம்பதுன்னு இருக்கு."

"எம்பதுல நம்மகிட்ட மிஷினே இல்லையேம்மா."

"அதான் முதலாளி. அது வந்து... தேதி கேக்கும்ல, அப்ப..."

"மிஷின் வாங்குறதுக்கு ஏழெட்டு வருசம் முன்னாடியே வந்து அடிச்சிருக்காங்க மாமா. எம்புட்டு சுறுசுறுப்பு!" என்றான் அவன்.

முதலாளி சிரித்துவிட்டார். அவர் சிரித்ததுதான் எனக்கு வலித்தது. அவன் எதைச் சொன்னாலும் தாங்கியிருப்பேன். அன்று மாலையே என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். சேலைக் கட்டுகளின் சாக்கில் ஊர்ப் பெயரை மைதொட்டு எழுதும் வேலை.

குடோனில் கட்டு கட்டுகிற பெரியவர் என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, கம்ப்யூட்டரு உன்னையத் துப்பிருச்சா?" என்றார்.

"ஆமாண்ணே."

"துப்புனா தொடச்சுக்கிட்டு உக்காரு. இங்க ஏசி இல்ல, ஆனா எலி நெறைய இருக்கு, பேச்சுத் துணைக்கு."

நான் அந்தக் காகிதத்தை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏழு வாரம் அது அங்கேயே இருந்தது. தினமும் எண்ணெய்க் கறை ஏறியது. தூக்கி எறியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முதலாளி சிரித்த சிரிப்பும், நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களும்தான் ஓடும். திருப்பரங்குன்றத்து முருகனிடம் போய், அவன் கைகால் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து, இதைப் போய் சாமியிடம் கேட்பானேன் என்று தோன்றியது.

காலையில் அலுவலகத்தைத் திறந்து, விளக்கேற்றி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது அப்போதும் என் வேலைதான். என்னை மாற்றியவர்கள் அதை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு நான் வருவேன். பத்தரைக்கு அவன் வருவான். அந்த ஒன்றரை மணி நேரமும் புத்தகம் என்னுடையது. காப்பி செய்யும் கட்டளையைப் பற்றிய பகுதியின் கடைசியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், அதைக் கண்டேன். காப்பி என்று அடித்து, ஃபைலின் பெயரை அடித்து, அதன் வாலில் ஒரு கூட்டல் குறியும் இரண்டு கமாவும் போட வேண்டும். ஃபைல் எங்கும் போகாது, உள்ளே ஒரு எழுத்தும் மாறாது. தேதி மட்டும் மாறும். அந்த நேரத்தில் இயந்திரம் எந்தத் தேதியை நம்பிக்கொண்டிருக்கிறதோ, அந்தத் தேதிக்கு.

அது எதை நம்ப வேண்டும் என்று காலையில் சொல்கிறவள் நான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் முதலாளிக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. தராசு, கத்தரிக்கோல், டைப்ரைட்டர் எல்லாம் துடைத்து வைக்கப்பட்டன. கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பிரிண்டருக்கு மாலை போட்டு, புதுச் சுங்குடித் துணியால் அவரே மூடினார். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து அவரே எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. ஒரு வருடம், கட்டுக்காரப் பெரியவர் மறந்துபோய் பூஜைக் கத்தரியை எடுத்து நூலை வெட்டிவிட்டார். முதலாளி அவரைப் பதினைந்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அந்த வருடம் ஒரு லாரி கவிழ்ந்ததற்கும் கத்தரிக்கோலைத்தான் காரணம் சொன்னார்.

பூஜை முடிந்து பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பினோம். பூட்டுவதற்கு அவன் மட்டும் நின்றான். அன்று சாவி அவனிடம்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு காலை. விளக்கேற்றிவிட்டு உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். என்ன தேதி என்று கேட்டது. பூஜை நாளின் தேதியை அடித்தேன். என்ன நேரம் என்று கேட்டது. மாலை நான்கு பத்து என்றேன். ஒப்புக்கொண்டது. என் லேபிளின் மேல் அவன் லேபிள் ஒட்டிய அந்தப் பிளாப்பியைச் செருகி, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண்ணைச் சேமிக்கிற விளையாட்டு ஃபைலுக்குக் கூட்டல் குறியும் இரண்டு கமாவும் போட்டேன். அட்டவணையைக் காகிதத்தில் எடுத்தேன். பிரிண்டர் சத்தம் சந்து முழுவதும் கேட்பது போலிருந்தது.

முதலாளி பின்பக்கம் வெற்றாக இருக்கிற அச்சுக் காகிதத்தை வீணாக்க மாட்டார். குறிப்பெழுத மேசையில் அடுக்கி வைத்திருப்பார். என் காகிதத்தை அந்த அடுக்கின் மேல் வைத்தேன். அதில் மாதம் முன்னாலும் தேதி பின்னாலும் தலைகீழாக இருக்கும். ஆனாலும் தேதி பார்க்காமல் தும்மக்கூட மாட்டாத மனிதரின் கண்ணுக்கு அது தப்பாது.

பதினோரு மணிக்குக் குடோனுக்கு ஆள் வந்தது. நான் போனபோது அவன் ஏற்கெனவே மேசை முன்னால் நின்றான். கட்டுக்காரப் பெரியவரும் என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார்.

"ஏம்மா, இது என்ன பேரு?"

"தம்பி... சார் வெளையாடுற கேமு, முதலாளி."

"பக்கத்துல என்ன தேதி?"

"பூஜை அன்னைக்கி, முதலாளி. சாயங்காலம் நாலு பத்து."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கத்தவில்லை. "பொட்டு வச்ச மிஷினத் தெறந்து வெளையாடியிருக்க" என்றார்.

"மாமா, சத்தியமா இல்ல! நான் பூட்டிட்டு நேரா வீட்டுக்குத்தான் வந்தேன்!"

"மிஷின் சொல்லுதே."

"மாமா, அது நான் போட்ட தேதியே இல்ல மாமா. நான் தேதியே போட மாட்டேன். கேட்டா எண்டரத் தட்டிருவேன். என் ஃபைல் எதை வேணாப் பாருங்க, எம்பது ஜனவரி ஒண்ணுன்னுதான் இருக்கும். ஒண்ணு விடாம! வேற தேதி இருந்தா அது நான் இல்ல!"

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். அவன் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தப்பிக்க அவனுக்கு வேறு வழி இல்லை. பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தேன். ஏழு வாரத்துக்கு முன்னால் வராத வார்த்தை, அன்று வந்தது.

"அட்ரஸ் லிஸ்ட்டுலயும் எம்பது ஜனவரி ஒண்ணுன்னுதான் இருக்கு, முதலாளி."

முதலாளி அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப கோவில்பட்டிக்காரன எழவு வீட்டுல இருந்து கூப்புட்டது நீயா?" என்றார்.

வாசலில் பெரியவர், "அடேங்கப்பா" என்று தனக்குத் தானே சொன்னார்.

அவன் முட்டாள் இல்லை. ஒரு நிமிடத்தில் யோசித்துவிட்டான். "மாமா, லிஸ்ட்டு நாந்தான், தெரியாமப் பண்ணிட்டேன். ஆனா அது எம்பதுன்னா இது நான் இல்லேல்ல? ரெண்டும் எப்டி நானா இருக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. ஃபைலத் தெறக்காமலே தேதிய மாத்த முடியும்ல? நீங்க அந்தப் புஸ்தகமெல்லாம் படிப்பீங்கள்ல?"

முதலாளியும் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

"எனக்கு டைப்படிக்க மட்டுந்தான் தெரியும், சார்" என்றேன்.

முதலாளிக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. "ஒரு நா தேதி போட்டிருப்ப. வெளையாடுறதுக்குன்னா போட்டிருப்ப" என்றார். மீதியை அவர்கள் பாஷையில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், யாரையும் நேராகப் பார்க்கத் தெரியாதவள்.

மறுநாள் அவனைச் சாயப் பட்டறைக்கு அனுப்பினார்கள். எனக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது. பட்டியலைத் திரும்ப உருவாக்க மூன்று மாதம் ஆனது. பழைய தபால்களை எல்லாம் மூட்டையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். அந்தத் தீபாவளிக்கு ஆர்டர் பாதிதான். கோவில்பட்டிக்காரர் கடைசிவரை வரவில்லை. முதலாளி என்னிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு சேலை கொடுத்தார். சாயம் தோய்க்கக் கட்டுகிற முடிச்சு சரியாக விழாமல் பட்டறையில் கழித்த சேலை. கட்டிக்கொண்டேன்.

அவன் செய்ததற்கு மட்டும் தண்டனை கிடைத்திருந்தால் எனக்கு இந்த அளவுக்கு இனித்திருக்காது என்று நினைக்கிறேன். செய்யாததற்கும் சேர்த்துக் கிடைத்ததில்தான் கணக்கு நேரானது போலிருந்தது. ஏழு வாரம் நான் அதைத்தானே சுமந்தேன்.

மாசியில் ஒரு நாள் அவன் ஏதோ வவுச்சரில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்கு வந்தான். விரல்கள் எல்லாம் கருநீலமாக இருந்தன. முதலாளி வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், உள்ளே வரவில்லை.

"அக்கா."

"சொல்லுங்க சார்."

"எப்டிப் பண்ணீங்க? அத மட்டும் சொல்லுங்க. மாமாகிட்ட சத்தியமாச் சொல்ல மாட்டேன். நாலு மாசமா அதத்தான் யோசிக்கிறேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. அந்த ஆசை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்த நிறுவனத்தில் அதைப் புரிந்துகொள்ளக் கூடியவன் அவன் ஒருவன்தான். ஒரு கணம் சொல்லிவிடலாம் போல நாக்கு நுனிவரை வந்தது.

திரும்பி டைப் அடிக்கத் தொடங்கினேன். செருப்பை மாட்டுகிற சத்தம், பிறகு படியிறங்குகிற சத்தம். அது சந்தில் கரையும்வரை நான் நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தால், சாத்தூர்க் கடை ஒன்றின் முகவரியை ஆறு முறை அடித்து வைத்திருந்தேன். ஐந்தை அழித்தேன்.